புல்வெட்டும் இயந்திரமும் இரண்டு பிள்ளைகளும்: ஒரு தாயின் கேள்விக்குக் குழந்தைகள் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரின் பதில்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம்:

"வீட்டைச் சுற்றிப் பெரிய புல்தரை இருக்கிறது. அகலமான பகுதியைக் கணவர் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்தால் வெட்டுவார். ஓரங்களுக்குத் தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் இயந்திரம். மகளுக்கு 4 வயது. அப்பா மடியில் உட்கார்ந்து இரண்டு சுற்று வராவிட்டால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். மற்ற நேரங்களில் பொம்மை புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே போவாள். மகனுக்கு 11 வயது. தானும் வெட்ட வேண்டும் என்று நச்சரிக்கிறான். 'பத்து வயசுல நான் அரிவாள் பிடிச்சவன், இவன் இதைப் பிடிக்கக் கூடாதா?' என்கிறார் கணவர். கைப்பிடியில் அழுத்திப் பிடிக்க வேண்டிய லீவரை, கை வலிக்கிறது என்று துணிப் பட்டையால் கட்டி வைத்திருக்கிறார். போன வாரம் ஈரப் புல் அடைத்து இயந்திரம் தானாகவே நின்றுவிட்டது. அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்த நேரத்தில், மகன் புல் வெளியேறும் வாய்க்குள் கையை விட்டு அடைப்பை எடுத்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. இரவில் அவனே என்னிடம் வந்து சொன்னான். மாமியார், 'காலை வெட்டிரும்னு பயம் காட்டி வளருங்க' என்கிறார். எனக்கோ எல்லாவற்றையும் விற்றுவிட்டு, தானாகவே புல் வெட்டும் ரோபோ வாங்கிவிடலாம் போலிருக்கிறது. மடியில் வைத்து ஓட்டுவது உண்மையிலேயே ஆபத்தா? மகன் எந்த வயதில் தொடலாம்? பயமுறுத்துவது சரியா?"

நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் போகிற போக்கில் சொல்லிவிட்ட அந்தத் துணிப் பட்டை, மூன்றையும்விட அவசரமானது. இதை மேலே படிப்பதற்கு முன் அதை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் கணவரின் அரிவாள் வாதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கூர்மையான கருவியைச் சின்ன வயதிலேயே முறையாகப் பழகியவர்களுக்குக் கை நிதானம் வந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அரிவாள், கை வீசும் வேகத்தில்தான் வெட்டும். கை நின்றால் அதுவும் நிற்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் வேகம் நம் கையில் இல்லை. 50 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிளேடுக்கு இரண்டு முனை என்பதால், ஓர் இடத்தை வினாடிக்கு 100 தடவை கடக்கும். ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க மனிதருக்குச் சுமார் கால் வினாடி வேண்டும். அதற்குள் அது 25 முறை கடந்து முடித்திருக்கும். 'பட்டதும் இழுத்துக்கொள்ளலாம்' என்பதற்கு இங்கே இடமே இல்லை.

இன்னொன்று, அது வெட்டுவது பிளேடுக்கு அடியில் வந்ததை மட்டுமல்ல. கூழாங்கல், கம்பித் துண்டு, உடைந்த பொம்மை எது சிக்கினாலும் அதே வேகத்தில் வெளியே எறியும். தூரத்தில் நிற்கும் குழந்தையின் கண் போவதற்கு அது போதும்.

மடியில் வைத்து ஓட்டுவது

ஆபத்துதான். 'மெதுவாகத்தானே ஓட்டுகிறேன், இறுக்கிப் பிடித்திருக்கிறேனே' என்று உங்கள் கணவர் சொல்வார். பெரும்பாலான அப்பாக்கள் சொல்வது அதுதான். அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய விஷயம் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுபவர் எழுந்தாலோ விழுந்தாலோ பிளேடை நிறுத்துவதற்காக அங்கே ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். அது எடையைப் பார்த்து வேலை செய்கிறது. மடியிலிருந்து மகள் சரிந்து விழுந்தாலும், அப்பாவின் எடை இருக்கையில் அப்படியே இருக்கும். ஆகவே, எந்த விபத்தைத் தடுக்க அந்தச் சுவிட்சை வைத்தார்களோ, மகள் விழும்போது அது நடந்ததே அதற்குத் தெரியாது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை விழுவதும் பெரும்பாலும் பக்கவாட்டிலோ முன்பக்கமோதான், அதாவது பிளேடு மூடிக்குப் பக்கத்திலேயே. ஒரு சின்னக் குழியில் சக்கரம் இறங்கினாலே போதும். பிள்ளையைப் பிடிக்கப் போன கை, ஸ்டியரிங்கை விட்டிருக்கும்.

விழவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு தீங்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த இயந்திரத்தின் சத்தம் கேட்டால் அப்பாவிடம் ஓடிப்போகலாம், அவர் தூக்கி வைத்துக்கொள்வார் என்று ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் மகள் கற்றுக்கொள்கிறாள். நாளைக்கு அவர் தனியாக ஓட்டும்போது, அழைக்காமலேயே பின்னாலிருந்து ஓடி வருவாள். இரைச்சலில் அவள் குரல் அவருக்குக் கேட்காது. பெட்ரோல் இயந்திரங்களின் சத்தம் சுமார் 90 டெசிபல் இருக்கும், காதுக்கவசம் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். வளைத்துத் திருப்புவதற்காக அவர் ரிவர்ஸ் எடுப்பார். சின்னக் குழந்தைகளுக்கு நேரும் மிக மோசமான காயங்களில் பல, இப்படிப் பின்னோக்கி வரும்போது நடப்பவை. ஓட்டுபவர் தெரிந்தவர், பாசமானவர் என்பதால்தான் குழந்தை பயப்படாமல் அருகே வருகிறது.

பொம்மை புல்வெட்டிக்கும் இதே கதைதான். பொம்மையைத் தூக்கி எறிய வேண்டாம். உண்மையான இயந்திரம் வெளியே வரும் நாளில் அது உள்ளே இருக்கட்டும். அப்பா பின்னால் ஒரு கெஜ தூரத்தில் தள்ளிக்கொண்டு வருவது அழகான படம்தான், ஆனால் அவர் நின்று ஒரு தடவை இயந்திரத்தைப் பின்னால் இழுத்தால் அந்த ஒரு கெஜம் இருக்காது.

4 வயதுக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: சத்தம் கேட்டால் வீட்டுக்குள். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் புல் வெட்டும் நேரத்தில் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர் உள்ளே இருக்க வேண்டும். அவர் சமைத்துக்கொண்டே, போனில் பேசிக்கொண்டே பார்த்துக்கொள்வது கணக்கில் வராது. ஆள் இல்லையென்றால் அன்று புல் வெட்ட வேண்டாம். புல் ஓடிப்போகாது.

'சொன்னால் புரிந்துகொள்வாள், கெட்டிக்காரி' என்று தோன்றும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. 4 வயதுக் குழந்தை விதியை வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கும். 'பக்கத்துல போகக் கூடாது' என்று உங்களுக்கே பாடம் எடுக்கும். ஆனால் பந்து உருண்டு போனால், அப்பாவைப் பார்த்துவிட்டால், அந்த விதியை நினைவில் பிடித்துக்கொண்டு தன் கால்களை நிறுத்தும் திறன் அந்த வயதில் இன்னும் முழுதாக வளரவில்லை. அது கீழ்ப்படியாமை அல்ல, மூளை வளர்ச்சி. ஆகவே இந்த வயதில் பாடம் நடத்துவதால் வரும் பாதுகாப்பு மிகக் குறைவு. சாத்திய கதவும் ஓர் ஆளும்தான் பாதுகாப்பு.

கட்டி வைத்த லீவர்

கைப்பிடியில் இருக்கும் அந்த லீவரை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1982-லிருந்து, தள்ளிச் செல்லும் இயந்திரங்களில் பிடியை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்பது விதி. பட்டையால் கட்டிவிட்டால் அந்த 3 வினாடிக் கணக்கு முடிவிலியாகிவிடுகிறது. கால் தடுக்கி அவர் விழுந்தாலும் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும். சரிவில் விட்டால் இயந்திரம் தானாகப் போகும். கட்டாமலிருந்தால்கூட அந்த 3 வினாடி சின்னதல்ல. வினாடிக்கு 2 மீட்டர் ஓடும் ஒரு குழந்தை அதற்குள் 6 மீட்டர் வந்துவிடும்.

இப்போது உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரம் நிறுத்தப்படவில்லை, புல் அடைத்து அணைந்துபோனது. லீவர் கட்டியபடியே இருந்தது. சாதாரணமாக லீவரை விட்டால் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் மின்பொறி துண்டிக்கப்படும். அன்று துண்டிக்கப்படவில்லை. தள்ளிச் செல்லும் பெரும்பாலான பெட்ரோல் இயந்திரங்களில் பிளேடு நேரடியாக எஞ்சின் தண்டிலேயே பூட்டப்பட்டிருக்கிறது, நடுவில் வேறு எதுவும் இல்லை. ஆகவே பிளேடைத் திருப்புவது எஞ்சினைத் திருப்புவதுதான். இந்த எஞ்சின்கள் பற்றிக்கொள்ள பேட்டரியும் வேண்டாம், காந்தமே பொறியைக் கொடுத்துவிடும். அடைப்பை இழுக்கும்போது பிளேடு ஒரு பக்கம் உதறிச் சுழன்றிருந்தால், எஞ்சின் பற்றிக்கொண்டிருக்க வாய்ப்பிருந்தது. பற்றாவிட்டாலும், புல் இறுக்கத்தில் சிக்கி நின்ற பிளேடு, அடைப்பு விலகியதும் திடீரெனச் சுழன்று விரலை நசுக்கக்கூடும். 'ஆஃப் ஆகியிருந்தது, அதனால் பரவாயில்லை' என்று அவன் நினைத்ததில் தப்பில்லை. இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. இரவில் வந்து தானாகச் சொன்னதற்கு அவனை ஒரு வார்த்தை பாராட்டுங்கள். அந்தப் பழக்கம்தான் அவனைக் காப்பாற்றப் போகிறது.

அடைப்பு எடுப்பது பெரியவர் வேலை. அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, வரிசை மாறக் கூடாது. லீவரை விட வேண்டும். பிளேடு முழுதாக நின்றதைக் கண்ணால் உறுதிசெய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். இதைச் செய்தால் எஞ்சின் எப்படிச் சுழன்றாலும் பற்றாது. பிறகு, ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்பக்கம் வருமாறு இயந்திரத்தைச் சாய்க்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் எண்ணெய் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். அதன்பின் ஒரு குச்சியால் அடைப்பைத் தள்ளுங்கள். கை வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடுள்ள ஓட்டும் இயந்திரத்தில், ஒன்றைத் திருப்பினால் அடுத்ததும் திரும்பும் என்பதை மறக்கக் கூடாது. ஈரப்புல் அடிக்கடி அடைக்கிறது என்றால், ஒரே தடவையில் கட்டையாக வெட்டாமல் உயரத்தைக் கூட்டி இரண்டு முறையாக வெட்டலாம். காயும்வரை காத்திருப்பது இன்னும் நல்லது. ஈரத்தில் காலும் வழுக்கும்.

கை வலிக்கிறது என்பது நியாயமான புகார். அதற்குப் பிடியைக் கட்டுவது தீர்வல்ல. லீவரின் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், எண்ணெய் போட்டோ மாற்றியோ சரிசெய்தால் பாதி வலி குறையும். நடுவில் பத்து நிமிடம் ஓய்வெடுக்கலாம். தொடர்ந்து கை மரத்துப்போனால் அவர் தன் கையை மருத்துவரிடம் காட்டட்டும்.

மகன் எந்த வயதில் தொடலாம்

அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, தள்ளிச் செல்லும் இயந்திரத்துக்கு 12 வயதும் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்துக்கு 16 வயதும் குறைந்தபட்சம் என்கிறது. குறைந்தபட்சம் என்பதைக் கவனியுங்கள். பிறந்தநாள் அன்று எழுந்து போய் ஸ்டார்ட் செய்யலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் மகனுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த வருடத்தை 'கூடாது, கூடாது' என்று சொல்லிக் கழித்தால் அவன் யாரும் பார்க்காதபோது தொடுவான். பயிற்சிக்குப் பயன்படுத்தினால் பொறுப்பைக் கற்றுக்கொள்வான்.

முதலில் தரை அவன் பொறுப்பு. இயந்திரம் ஷெட்டை விட்டு வெளியே வருவதற்கு முன், புல்தரையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து கல், குச்சி, கம்பி, நாய் எலும்பு, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஒரு வாளியில் பொறுக்க வேண்டும். அவன் கொண்டுவரும் வாளியைக் கணவர் வாங்கிப் பார்த்து, 'இந்தக் கம்பி என்ன செய்திருக்கும் தெரியுமா?' என்று கேட்கட்டும். ஆபத்து எங்கிருந்து வரும் என்பது கைக்குத் தெரிய ஆரம்பிப்பது இந்த வேலையில்தான். கையால் இயங்கும் கருவிகளையும் அவனுக்குக் கொடுங்கள்: மண்வாரி, இலை வாரும் துடைப்பம், தோட்டக் கத்தரி. முனையை யார் பக்கமும் நீட்டாமல் எடுத்துப் போவது, வேலை முடிந்ததும் துடைத்து மாட்டுவது, இன்னொருவர் வந்தால் உடனே நிறுத்துவது. இந்த மூன்றையும் நினைவூட்டல் இல்லாமல் இரண்டு மாதம் செய்கிறானா என்று பாருங்கள். செய்யாவிட்டால் அடுத்த படி வேண்டாம்.

இயந்திரம் ஓடும்போது அவன் எங்கே நிற்க வேண்டும் என்பதும் வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஓர் எல்லைக்கோடு, ஒரு வாசற்படி அல்லது ஒரு வேலி. அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் அந்தக் கோட்டில் நின்று, அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பும்போது, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்ட வேண்டும். பின்னாலிருந்து வந்து தோளைத் தொடக் கூடாது. பெரியவர் தரப்பில் ஒரே ஒரு கடமை இருக்கிறது: கை தூக்கியதைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் லீவரை விட்டு நிற்க வேண்டும், கேட்பது அற்பமாக இருந்தாலும். 'அப்புறம் வா' என்று கையை அசைத்துவிட்டு வெட்டிக்கொண்டே போனால், அடுத்த முறை பிள்ளை கோட்டைத் தாண்டி வரும். இந்த விஷயத்தில் பிள்ளைகள் சொல்கேட்பவர்கள் அல்ல, நாம் செய்வதைக் கேட்பவர்கள். லீவரைக் கட்டி வைத்திருக்கும் அப்பா 'விதி முக்கியம்' என்று சொல்வது அவன் காதில் ஏறாது.

12 ஆனபின், உயரமும் பலமும் போதுமா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கத் திணறாமல் இருக்கிறானா, லீவரை விரல் வலியின்றிப் பிடிக்கிறானா, திருப்பத்தில் இயந்திரத்தை ஏறக்குறையத் தூக்கியே வளைக்க வேண்டாமல் முடிகிறதா? எல்லாம் சரியென்றால் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஓடாத இயந்திரத்தை இரண்டு மூன்று நாள் வெறும் நடையாகத் தள்ளட்டும். முன்னோக்கி மட்டுமே தள்ளுவதை, பின்னால் இழுக்க வேண்டியிருந்தால் முதலில் நின்று திரும்பிப் பார்ப்பதைப் பழகட்டும். பிறகு சமதளமான, உலர்ந்த, ஒரு துண்டு இடத்தில் 15 நிமிடம். பெட்ரோல் ஊற்றுவதும் ஸ்டார்ட் செய்வதும் அப்பா. அவர் வேலை அவனைப் பார்ப்பது மட்டும். பிளேடுக்கு நேராகவோ புல் வெளியேறும் பக்கமோ நிற்காமல், அவனுக்கு முன்பக்கம் தெரிகிற இடத்தில் நின்று, போனைத் தொடாமல். தங்கை அந்த நேரத்தில் வீட்டுக்குள்.

சரிவில் பழக வேண்டாம். தள்ளிச் செல்லும் இயந்திரத்தைச் சரிவில் குறுக்காக ஓட்ட வேண்டும், ஏறி இறங்கி அல்ல. சறுக்கினால் அது நம் கால்மேல் வரும். உட்கார்ந்து ஓட்டுவதை நேர்மாறாக, மேலும் கீழுமாக. குறுக்கே ஓட்டினால் கவிழும். சரிவு 15 டிகிரியைத் தாண்டினால், அதாவது 10 மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 மீட்டர் ஏற்றம் இருந்தால், எதையும் ஓட்டாமல் இருப்பதே சரி. கீழ்நோக்கி ஓடும் இயந்திரத்தைப் பிடிக்கத் துரத்துவதில் பெரியவர்களே காலை இழக்கிறார்கள்.

அவன் உடம்பில் இருக்க வேண்டியவை: முன்பக்கம் மூடிய, அடி வழுக்காத கனமான பூட்ஸ், முழுக்கால் சட்டை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, காதுக்கவசம். செருப்பும் வெறுங்காலும் இந்த வேலைக்குத் தகுதியே இல்லை. கால் விரல் காயங்களின் கதை அங்கேயே ஆரம்பிக்கிறது. உங்கள் கணவர் எதை அணிந்து வெட்டுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. எஞ்சின் சூடாக இருக்கும்போது டேங்கைத் திறக்கக் கூடாது, 10 முதல் 15 நிமிடம் ஆறவிட வேண்டும். திறந்த வெளியில் மட்டுமே ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து தூரத்து அடுப்பைப் போய்ச் சேரும். சைலன்சர் நிறுத்திய பின்னும் நெடுநேரம் தோலைச் சுடும். சின்னக் கைகள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும்.

பயமுறுத்தலாமா?

உங்கள் மாமியாரின் அக்கறை புரிகிறது. ஆனால் 'காலை வெட்டிரும்' என்ற வாக்கியத்துக்கு ஆயுள் குறைவு. வாராவாரம் அப்பா வெட்டுகிறார், கால் வெட்டுப்படவில்லை. நாலைந்து வாரத்தில் அது பாட்டி சொல்லும் பூச்சாண்டிக் கதையாகிவிடும். அதற்குள் இன்னொரு விளைவும் வந்துவிடும்: தப்பு நடந்தால் சொல்லப் பயப்படுவான். அன்று அடைப்பை எடுத்ததை உங்கள் மகன் மறைத்திருந்தால், நீங்கள் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

மோசமான காயங்களின் படங்களைக் காட்டுவதும் பயனில்லை. அதற்குப் பதில் 11 வயதுப் பையனுக்கு இயந்திரத்தின் உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று காட்டுங்கள். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கணவர் இயந்திரத்தைச் சாய்த்து, பிளேடு எங்கே இருக்கிறது, விளிம்பில் விழுந்த பள்ளங்கள் எதனால் வந்தவை, புல் எந்தப் பக்கமாக வெளியே பாய்கிறது என்று விளக்கட்டும். பிளேடு சுழன்றால் எஞ்சினும் சுழலும் என்று மேலே சொன்னதை அவனிடமே சொல்லிக் கேளுங்கள்: அன்று என்ன நடந்திருக்கும்? காரணம் தெரிந்த பிள்ளை அந்த விதியை வெகுநாள் வைத்திருப்பான். பார்க்கும்போது யாரும் விரலை வைத்துக் கூர்மை பார்க்கக் கூடாது, அப்பாவும் சேர்த்து.

மகளிடம் இதெல்லாம் வேண்டாம். மடிச் சவாரி நின்றால் அவள் இரண்டு மூன்று வாரம் அழுவாள். விளக்கமாக ஒரு பெரிய உரை நிகழ்த்தாமல், 'இதுல ஒரு ஆள்தான் உட்காரலாம்' என்று ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில், அப்பாவே சொல்ல வேண்டும். நீங்கள் தடுத்து அவர் ஒரு நாள் ஏற்றிவிட்டால், அடுத்த பத்து வாரம் அழுவாள். இயந்திரத்தை ஷெட்டில் பூட்டி, சாவியை எடுத்த பிறகு, வெட்டிய புல்லை அவளும் அப்பாவும் வாரட்டும். அவளுக்கு வேண்டியது அப்பாவின் வேலையில் ஒரு பங்கு.

ரோபோ, பேட்டரி

ரோபோ வாங்கினால் பிரச்சினை தீராது, மாறும். அதன் பிளேடுகள் சின்னவை, சுழலும் வட்டில் தொங்குபவை, காயம் அளவில் சிறியதாக இருக்கலாம். ஆனால் அது யாரும் இல்லாமலேயே புல்தரையில் திரியும். தூக்கினால் பிளேடு நிற்கும் சென்சார் உண்டு. தரையோடு கிடக்கும் சின்னக் கை, சின்னக் கால்விரல்களை எல்லா ரோபோவும் கண்டுபிடிக்கும் என்று நம்பக் கூடாது. வாங்கினால் குழந்தைகள் பள்ளியில் இருக்கும் மணி நேரத்துக்கு மட்டும் நேரம் வையுங்கள், கடவுச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், அது ஓடும்போது புல்தரையில் விளையாட்டு இல்லை.

பேட்டரி இயந்திரத்தில் பெட்ரோல் ஆபத்து இல்லை. அதன் நல்ல குணமான அமைதியே பிள்ளைகளுக்குப் பாதகமாகவும் முடியும்: 'சத்தம் கேட்டால் உள்ளே' என்ற விதிக்குப் போதுமான சத்தம் இருக்காது. மேலும் கயிற்றை இழுக்கும் சிரமம் இல்லாமல் பட்டனும் லீவருமாக உடனே சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் வேலை முடிந்ததும், அடைப்பு எடுக்கும் முன்பும், பேட்டரியையும் பாதுகாப்புச் சாவியையும் கழற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பிளக் வயருக்குச் சமமானது அதுதான். ஒயர் இழுத்து ஓட்டும் மின் இயந்திரமென்றால், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வழியாக மட்டும் இணையுங்கள். இணைப்பு இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே நோக்கி வெட்டினால் ஒயர் பிளேடு முன் வராது.

அடிபட்டுவிட்டால்

இந்தக் காயங்கள் சாதாரண வெட்டு அல்ல. மண்ணும் புல்லும் துணியும் பிளேடின் வேகத்தில் சதைக்குள் ஆழமாக ஏறிவிடும், அதனால் தொற்று வாய்ப்பு மிக அதிகம். குழந்தைகளில் கூடுதலாக, எலும்பின் முனையில் வளர்ச்சி நடக்கும் வளர்ச்சித் தட்டு சிதைந்தால், கால் ஒரு பக்கம் குட்டையாகவோ வளைந்தோ வளரும். வளர்ந்து முடியும்வரை திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் மருத்துவமனைதான்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்துங்கள். பீறிட்டு வந்து அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டு இல்லாத இடத்தில், அகலமான கட்டு போட்டு இறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அவிழ்க்கும்வரை தளர்த்த வேண்டாம். விரல் துண்டானால் லேசாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் வைத்து மூடி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது, சதை செத்துவிடும். காயத்தில் எந்தப் பொடியும் களிம்பும் வேண்டாம். குத்தி நிற்கும் எதையும் பிடுங்காதீர்கள். கண்ணில் ஏதாவது பட்டிருந்தால் தேய்க்காமல், அழுத்தாமல், காகிதக் கோப்பை ஒன்றை மேலே கவிழ்த்து வைத்துக் கொண்டுபோங்கள். அறுவை சிகிச்சை வரலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். பிள்ளைகளின் டெட்டனஸ் ஊசிக் குறிப்பேட்டைத் தேடிப் பார்த்து, பாக்கி இருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, கணவரிடம் எப்படிப் பேசுவது. 'ஆபத்து, ஆபத்து' என்று ஆரம்பித்தால் அரிவாள் கதை திரும்ப வரும். இருக்கைக்கு அடியிலுள்ள சுவிட்சைப் பற்றியும், லீவர் கட்டியிருந்தபோது பிளக்கில் பொறி உயிரோடு இருந்ததையும் சொல்லிப் பாருங்கள். தன் இயந்திரத்தைத் தானே கழற்றிப் பூட்டுகிறவர் அவர் என்றால், அந்த இரண்டும் போதும். மகனுக்கு அந்த ஒரு வருடப் பயிற்சி தருவதும் அவரே என்றால், இன்னும் நல்லது. இந்த வாரத்து வேலைகள் இவை: துணிப் பட்டையை அவிழ்ப்பது, லீவர் கேபிளுக்கு எண்ணெய் போடுவது, எல்லைக்கோட்டைத் தீர்மானிப்பது, மகனுக்கு ஒரு வாளி வாங்குவது.